பெரிய வண்டிக்காரர் இடிக்கவில்லை

இதை எழுத ஆறு வருஷமாகத் தயங்கினேன். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது. நான் ஆஸ்டின் டவுனில் பிறந்து ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்துப் பிழை வருமே என்று ஒரு பயம். வீட்டு விஷயத்தைத் தெருவில் போடுகிறாளே என்பார்களே என்று இன்னொரு பயம். இந்த ஆடி வெள்ளிக்கு அம்மன் முன்னால் நின்று, "தாயே, பிழை இருந்தா எழுத்துல மட்டும் இருக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் நீலசந்திரா சந்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பெரிய வண்டிக்காரர் என்பார்கள். நான் அண்ணா என்பேன். எதிர்வீடு. மனைவி தவறிவிட்டார், ஒரே மகளைப் பொம்மனஹள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தார். அவருக்கு இந்தச் சந்தில் இருந்த நல்ல பேரைக் கெடுத்தது எங்கள் வீடு. அதைத் திரும்ப வாங்கிக்கொடுக்கத்தான் எழுதுகிறேன்.

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வந்தவர். தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் வரும் கனத்தைக்கூட அளந்து, சரி, தப்பு என்று எழுதித் தருகிற வேலை. அந்தப் பழக்கம் அவர் பேச்சிலும் இருந்தது. நேற்று நல்ல மழை என்று சொன்னால், "இங்க நல்ல மழை. ஆஸ்டின் டவுன்ல தூறல்தான்" என்பார். என் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா. போன வாரம் வச்சது இதைவிட நல்லாருந்துச்சு" என்றார். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அந்த வண்டியை வாங்கினார். புதிது இல்லை, இரண்டாவது கை. அதையும் கேட்டவரிடமெல்லாம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுவார். ஆயிரத்துக்கு மேல் சிசி, நாலு சிலிண்டர், முன்னால் காற்றைத் தடுக்கும் பெரிய கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டிகள். ஊர் ஊராக நாள்கணக்கில் ஓட்டிப் போவதற்கென்றே செய்த வண்டியாம். முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே ஒன்று வாசற்படியில் ஏற வேண்டும். அதற்குள் இந்த எருமைக்கிடாவை அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தவழ்கிற மாதிரி ஓட்டிக்கொண்டு போவார். மெயின் ரோடு வரும்வரை சீட்டில் இருக்கிறார் என்று பேர், நடந்துதான் போவார். வண்டியை அணைத்த பிறகும் உள்ளே விசிறி கொஞ்ச நேரம் சுற்றும். பக்கத்தில் போனால் அடுப்புச் சூடு அடிக்கும். வெயில் காலத்தில்கூட கனமான ஜாக்கெட், கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் டயருக்குக் காற்று பார்ப்பார். பெட்ரோல் பங்க் கருவியை நம்பமாட்டார், சொந்தக் கருவி வைத்திருந்தார்.

அந்த வண்டியைப் பற்றி யார் எதைப் பெருக்கிச் சொன்னாலும் அவருக்கு ஆகாது. "இருநூறுல போவீங்களாண்ணா?" என்று கேட்பார்கள். "வண்டி போகும். நான் போனது நூத்திப் பத்து. கிருஷ்ணகிரி தாண்டி, ஒரே தடவை. பயந்துட்டேன்" என்பார். கேட்டவர்கள் முகம் தொங்கிவிடும்.

ஒருமுறை அந்த வண்டியில் காஷ்மீர் போகிறேன் என்று கிளம்பினார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது சந்து முனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் ஏற்பாடு. 'காஷ்மீரை வென்று வந்த எங்கள் தெருச் சிங்கமே' என்று பெரிய எழுத்து, ஓரத்தில் தலைவருடைய போட்டோ. தப்பட்டை மேளம்கூட வந்திருந்தது. அண்ணா வண்டியை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஃப்ளெக்ஸைப் படித்தார். தலைவர் மாலை போட்டார். அவர் மாலையைக் கழற்றித் தலைவர் கையிலேயே கொடுத்தார்.

"காஷ்மீர் போகல. நாக்பூர் வரைக்கும்தான். அங்க காய்ச்சல் வந்து ஒரு லாட்ஜுல பத்து நாள் படுத்துட்டேன். அப்படியே திரும்பிட்டேன்."

"அத்த யாருணா கேக்கப் போறாங்க? சும்மா பேஜார் பண்ணாதீங்க, மாலயப் போட்டுக்கங்க" என்றார் தலைவர்.

அண்ணா வீட்டுக்குப் போனார். ஒரு ஸ்டூலும் வெள்ளைக் காகிதமும் பசையும் எடுத்து வந்தார். காஷ்மீர் என்ற எழுத்தின் மேல் காகிதத்தை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் நாக்பூர் என்று எழுதினார். நாங்கள் பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு விழுந்த வடு அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. ரோட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரும், அங்கே டீக்கடை வைத்திருப்பவரும், பிறகு அண்ணாவும் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டினார். ராத்திரி ஷிஃப்ட். காலையில் வேனை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஓசூர் ரோடு வழியாக வீட்டுக்கு வருவார். அன்றைக்குப் பொம்மனஹள்ளி பக்கம் வரும்போது ஸ்கூட்டரிலேயே கண் அசந்துவிட்டார். கீழே விழுந்து ரோட்டின் நடுவில் கிடந்தார். கால் ஒடிந்தது, மண்டையில் ரத்தம். கொஞ்சம் பின்னால் அண்ணா, மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிற வழியில், அந்தப் பெரிய வண்டியில் வந்தார். விழுந்து கிடக்கிற ஆளைப் பார்த்தார். பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டாம். ரோட்டில் ஆள் கிடந்தால், பின்னால் வருகிறவன் ஏற்றிவிடாதபடி, தன் வண்டியைக் கிடக்கிறவருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, நாலு விளக்கையும் மினுக்கவிட்டுவிட்டுத்தான் ஆளைத் தொட வேண்டும். அண்ணா அப்படியே செய்தார். கிட்டப் போன பிறகுதான் எதிர்வீட்டு ஆள் என்று தெரிந்தது.

கூட்டம் சேர்ந்தது. அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? கீழே ஒரு ஓட்டை ஸ்கூட்டர். அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் ஒரு ராட்சச வண்டி. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. இந்த ஊரில் ரோட்டில் எது நடந்தாலும் பெரிய வண்டிக்காரன்தான் இடித்தவன். சைக்கிளும் ஸ்கூட்டரும் மோதினால் ஸ்கூட்டர்காரன். ஸ்கூட்டரும் காரும் என்றால் கார்காரன். யாரும் குனிந்து ஒரு கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அண்ணா என் வீட்டுக்காரர் தலையைத் தன் கையுறையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை இழுத்துப் போட்டு அடித்தார்கள். "நான் இடிக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். வலது மணிக்கட்டை யாரோ மிதித்தார்கள். அந்தக் கையில்தான் ஆக்சிலேட்டர். அது பிறகு நேராகவே இல்லை.

எனக்குச் செய்தி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போலீஸ் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"தூங்கிட்டேன்டி" என்றார். "யாராண்டயும் சொல்லிடாத. தூங்கி விழுறவனுக்கு எவன் வேன் குடுப்பான்?"

நான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலைத்தான் ஆறு வருஷமாக எழுத முடியவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டபோது என் வீட்டுக்காரர், "பின்னாடி பெரிய சத்தம் கேட்டுச்சு சார். அப்புறம் ஒண்ணும் தெரியல" என்றார். அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை. அந்தச் 'சத்தம்' போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்கூட்டரைப் பற்றிக் கையெழுத்துப் போட நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்து, "அவர் கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்து, "பரவால்லண்ணா" என்றேன்.

அங்கிருந்த ஏட்டு கெட்டவர் இல்லை. வண்டியைப் பார்த்துவிட்டு, இது இடித்திருக்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது.

"எஷ்டு ஸ்பீடு இத்து?" என்று கன்னடத்தில் வேகத்தைக் கேட்டார்.

"நாற்பது சார். ஆளப் பாத்ததும் குறைச்சேன்."

ஏட்டு குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினார். "இங்க பாருங்க, பெரியவரே. அவன் தானா ஸ்கிட் ஆகி விழுந்தத நான் கண்ணால பாத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் முடிச்சுடறேன். வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"விழுந்தத நான் பாக்கல சார். நான் வர்றப்பவே கெடந்தார்."

"அய்யோ, ஒரு வரிதானே!"

"பாக்காதத எப்படி எழுதுறது?"

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். நான் இருந்த பெஞ்சுக்கும் அந்த மேஜைக்கும் நாலு அடி தூரம். அந்த மனுஷர் எழுத மறுத்த ஒரு வரி என் வாயில் இருந்தது. அவர் பார்க்காததை நான் என் வீட்டுக்காரர் வாயாலேயே கேட்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கிறவள் நான், தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவள். மனதுக்குள் "அம்மா தாயே, அம்மா தாயே" என்று சொல்லிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். எதற்காக உடைத்தேன் என்று இப்போது யோசித்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு மாதத்துக்கு மேல் அந்த வண்டி ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்றது. பிறகு வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்து பார்த்து, முன்பக்கம் எதிலும் மோதிய அடையாளமே இல்லை என்று எழுதிக்கொடுத்தார். வண்டியை விட்டுவிட்டார்கள். சட்டம் விட்டது, சந்து விடவில்லை. "அந்த ஆபீசருக்கு எதுனா குடுத்துக் கவனிச்சிருப்பார்" என்றார் தலைவர். வாழ்நாளெல்லாம் இஞ்சைப் பத்தாயிரமாகப் பிரித்து அளந்த மனுஷனைப் பற்றி, ஒரு ஃப்ளெக்ஸில் பொய்யைப் பொறுக்காத மனுஷனைப் பற்றி, எங்கள் சந்து இதை நம்பியது. நம்பியது என்று எழுதுவதுகூடச் சரியில்லை. அப்படி நம்புவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. எங்கள் சந்தில் எல்லா வண்டிகளையும் கழுவி, கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவோம். பூசாரி வரிசையாகக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். பூசணிக்காய் உடைத்ததும் அவரவர் பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போவார்கள். அந்த வருஷம் முதல் மாலை என் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டருக்கு. "சாவ ஜெயிச்சு வந்த வண்டி" என்று தலைவர் மைக்கில் சொன்னார். என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டார்.

அண்ணா வழக்கம்போல் வண்டியைத் தவழ ஓட்டிவந்து வரிசைக் கடைசியில் நிறுத்தினார். தலைவர் கிட்டே வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி வேணாம். ரத்தம் பாத்த வண்டி. அம்மனுக்கு ஆகாது."

அண்ணா கொஞ்சம் யோசித்தார். "ரத்தம் பட்டது நெசம்தான்" என்றார். "இடது பெட்டி மேல. அது என்னோட ரத்தம்."

பூசாரி தட்டை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பப் பார்த்தார். அத்தனை கனத்தை அந்த மணிக்கட்டு தாங்கவில்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து, பக்கவாட்டில் படுத்துவிட்டது. பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் நின்றார்கள். ஒரு கை நீளவில்லை.

அந்த மாதிரி வண்டி விழுந்தால் முன்னால் நின்று தூக்க முடியாது. வண்டிக்கு முதுகைக் காட்டி, குந்தி, பின்னால் கையை விட்டு ஹேண்டில்பாரையும் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, இடுப்பால் தள்ளித் தள்ளி, காலடி காலடியாகப் பின்னால் நடந்து நிமிர்த்த வேண்டும். அப்போது முகம் எங்கள் பக்கம்தானே இருக்கும்? அறுபது வயது மனுஷர், உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தபடியே தன் வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்தினார். நான் எழுந்தேன். "உக்காருடி" என்றார் என் வீட்டுக்காரர். உட்கார்ந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்திருந்தால்கூட எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். அவர் பிடிக்கவில்லை. வாயால்தான் சொன்னார்.

பொங்கலுக்குள் அவர் வண்டியை விற்றுவிட்டார். சிக்னலில் நின்று நின்று போகிற இந்த ஊர் ரோட்டில் அதைத் தாங்கிப் பிடிக்க அந்தக் கைக்குப் பலம் இல்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடிக் கண் மங்கியது. வேன் வேலை தானாகவே போயிற்று. எந்த வேலையைக் காப்பாற்ற வாயை மூடினோமோ அது இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கற்பூரம் காட்டும்போது என்னால் அம்மன் முகத்தைப் பார்க்க முடியாது, கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

போன வருஷம் ஒருநாள் கேட்டே விட்டேன். "இனிமேயாச்சும் சொல்லிடலாமா?"

"இப்ப எதுக்குடி கெளர்ற? நான் அவர் பேரச் சொல்லவே இல்லியே!"

"சொல்லலதான். அதான் உங்க கெட்டிக்காரத்தனம். நான் போறேன்."

பொம்மனஹள்ளியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நான் காலில் விழப்போனேன், தடுத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: தூங்கி விழுந்தது, ஆஸ்பத்திரியில் நான் தலையாட்டியது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் உயிரக் காப்பாத்துனீங்கண்ணா. உங்களுக்குப் போயி நாங்க..."

"உயிரக் காப்பாத்துனேனான்னு தெரியாதும்மா. பின்னாடி ஒரு தண்ணி டேங்கர் வந்துச்சு, நின்னுச்சு. என் லைட்டப் பாத்து நின்னானா, தானா நின்னானான்னு அவனத்தான் கேக்கணும். நான் வண்டியக் குறுக்க நிறுத்துனேன். அவ்வளவுதான்."

"எங்கள மன்னிச்சுடுங்கண்ணா."

அவர் வளைந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்னு சொன்னா பொய்யாயிடும்மா. இன்னும் கோவம் இருக்கு. அது போனா சொல்லி அனுப்பறேன்" என்றார்.

இதுவரை சொல்லி அனுப்பவில்லை. அப்படியென்றால் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

"நான் என்ன செய்யணும்ணா?" என்று கேட்டேன்.

"எங்க சொல்லாம விட்டீங்களோ அங்க சொல்லுங்க. அவர் தூங்கி விழுந்தார், நான் இடிக்கல. இது ரெண்டுதான். வேற ஒண்ணும் சேக்காதீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயிலில் மைக்கைக் கேட்டேன். அம்மன் பாட்டுப் பாடப்போகிறேன் என்று நினைத்துத் தலைவர் கொடுத்துவிட்டார். அந்த இரண்டையும் சொன்னேன், நான் தெரிந்தே வாயை மூடியிருந்ததையும் சொன்னேன். தலைவர் கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டு, "பிரசாதம் வாங்கிக்கினு போங்க" என்றார்.

ஒரே வாரம். சந்து தன் வேலையைக் காட்டிவிட்டது. ஓடிவந்த டேங்கரைப் பெரிய வண்டிக்காரர் தன் வண்டியால் முட்டி நிறுத்தினார் என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள். எனக்கு ஏதோ தோஷம், ஜோசியர் சொன்ன பரிகாரத்துக்காகத்தான் கோயிலில் அப்படிச் சொன்னேன் என்றார்கள் சிலர். அவரை அடித்தது நம் ஆட்கள் இல்லை, யாரோ வெளியூர்க்காரர்கள் என்று ஆரம்பித்துக்கொண்டார்கள். ஆயுத பூஜை அன்றைக்குக் கையை நீட்டாமலே அடித்தவர்கள் யாராம்? எல்லாவற்றையும்விட எனக்குப் பற்றி எரிவது ஒன்று. குழாயடியில் எல்லாப் பெண்களும், "பாவம் நீ இன்னா செய்வ, புருஷனக் காட்டிக் குடுக்க முடியுமா?" என்கிறார்கள். அவர் இன்னும் தராத மன்னிப்பை இவர்கள் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்க இவர்கள் யார்?

அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன். திருத்து என்றும் சொல்லவில்லை, கிழி என்றும் சொல்லவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நீலசந்திராக்காரர்கள் யாரையாவது கண்டால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். டேங்கரைப் பெரிதாக்க வேண்டாம், அவரைத் தெய்வமாக்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு அந்த ஸ்டேஷன் பெஞ்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாலு அடி தூரத்தில், எல்லாம் தெரிந்த ஒருத்தி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.